கொளஞ்சியின் மூச்சுக் கணக்கு

அன்று காலை மலையடிவாரக் குடிலில் ஏழு பேர் இருந்தார்கள். யோகம் சொல்லிக்கொடுக்கும் பூரணி, வயது முப்பத்துநான்கு. பக்கத்து ஊரிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண்கள் நான்கு பேர். கஞ்சி காய்ச்சும் காசாம்பு. ஏழாவது ஆள் லாரி ஓட்டும் கொளஞ்சி, வயது ஐம்பத்தைந்து.

கொளஞ்சியின் அப்பா ஐம்பத்தாறில் போனார். அண்ணனும் ஐம்பத்தாறில் போனார். கொளஞ்சிக்கு ஐம்பத்தாறு பிறக்க இன்னும் பதினொரு நாள்தான்.

மனிதனுக்கு ஒரு நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு. பிறக்கும்போதே மொத்தத்தையும் எண்ணிக் கொடுத்தாயிற்று என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். அதிலிருந்து மூச்சை எண்ண ஆரம்பித்தார். பேச்சைக் குறைத்தார். பேரன் தன் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதித் தரச் சொன்னபோது முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். பிள்ளை அழுதது. அதைக் கேட்டு நெஞ்சு படபடத்ததில், நிமிடத்துக்குப் பதினைந்தாக இருந்த மூச்சு இருபத்திரண்டாக ஏறிவிட்டது.

"மூச்சை மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார் பூரணியிடம்.

பூரணி அடுப்பைப் பார்த்தார். மழையில் நனைந்த விறகு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. காசாம்பு விடாமல் இருமினார்.

"அண்ணே, அதைக் கொஞ்சம் ஊதுங்க."

"நானா?"

"ஏன், ஊதுகுழல் கடிச்சிடுமா?" என்றார் காசாம்பு இருமலுக்கு நடுவில். பெண்கள் நால்வரும் சிரித்துவிட்டார்கள்.

கொளஞ்சி ஊதுகுழலை வாங்கினார். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு ஊதலையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். முப்பத்தேழில் ஒரு பொறி தெரிந்தது.

"விடாதீங்க, விடாதீங்க!" என்று காசாம்பு கத்தினார்.

கொளஞ்சி விடவில்லை. கண்ணெல்லாம் புகை. கடைசியில் விறகு குப்பென்று பிடித்துக்கொண்டது.

கஞ்சி கொதித்தது. தலைக்கு இரண்டு அகப்பை. ஆறு பேர் குடித்தார்கள். கொளஞ்சி மட்டும் ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னண்ணே?"

"கணக்கு விட்டுப்போச்சும்மா. முப்பத்தேழுக்கு மேல எண்ணவே இல்ல. எத்தனை போச்சோ! எனக்கு மிச்சம் எவ்வளவுன்னு இனிமே எப்படித் தெரியும்?"

பூரணி பானையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு அகப்பை இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."