வெறுந்தாள்

"தெரிஞ்ச பதிலை ஒரு பிள்ளை ஏன் எழுதாம வரணும்?"

ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார்.

ஆற்றங்கரை மடத்தில் தனியாக இருந்த துறவியம்மா அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தார். உட்காரும்படி கையைக் காட்டினார். பல வருஷமாகத் தன் பேச்சைக் கேட்க வந்துபோகிற மனிதர் இவ்வளவு இரைந்து பேசி அவர் கேட்டதில்லை.

ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார்.

பொன்மாரி, அவரும் மனைவி கோமதியும் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்திலிருந்து வளர்க்க அழைத்துவந்த பெண். வரும்போது பதினொரு வயது. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவரே உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுத்தார். வீட்டில் எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வாள்.

பொதுத்தேர்வில் கணக்குத் தாளை அவள் தொடவே இல்லை. மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. வாயே திறக்கல."

"அப்புறம்?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே, கோபத்தில், கொண்டுபோய் இல்லத்திலேயே விட்டுவிட்டார். அவள் அழவில்லை. பள்ளிச் சீருடையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, பேசாமல் வந்து ஆட்டோவில் ஏறினாள். அன்றிலிருந்து கோமதி அவருக்கு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

துறவியம்மா அடுப்பை ஊதினார். தீ பிடித்தது.

"பாடம் சொல்லிக்குடுக்கும்போது அவகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன். நீ பத்தாவது மட்டும் பாஸாயிட்டா என் பொறுப்பு தீர்ந்தது, அப்புறம் நீ உன் கால்ல நின்னுக்கலாம்னு சொல்லுவேன். ஒரு உற்சாகம் வரட்டுமேன்னு. தினமும் சொல்லுவேன்."

அம்மா இன்னொரு சுள்ளியை உள்ளே தள்ளினார்.

பிறகு, "நானும் உங்களை ஒரு கேள்வி கேக்கறேன்" என்றார். "சரியாச் சொல்லிட்டீங்கன்னா இங்க உங்க படிப்பு முடிஞ்சது. நாளையிலிருந்து இந்த மடத்துக்கு வர வேண்டாம். வாய்ப்பாடுதான், ஏழெட்டு எத்தனை?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா சொன்னால் சொன்னதுதான். இவரோடு கூட வந்துகொண்டிருந்த ஒரு வாத்தியாரைப் போன வருஷம் இப்படித்தான் அனுப்பிவைத்தார். அதன்பிறகு அவரை இந்தப் பக்கம் பார்க்க முடிந்ததில்லை.

ஆவுடையப்பன் இந்த இடத்தை நினைத்தார். எவ்வளவு மனக்கஷ்டத்தோடு வந்தாலும் ஆறிப்போய்த் திரும்புகிற இடம். இதுவும் இல்லையென்றால் எங்கே போவது? வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"தெரியாதா?"

"தெரியும்மா."

"பின்ன?"

  அவர் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அம்மா உலையில் அரிசியைப் போட்டார்.

"பஸ் போயிடப்போகுது. கிளம்புங்க" என்றார்.

ஆவுடையப்பன் நேரே இல்லத்துக்குத்தான் போனார். அங்கே பொன்மாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இல்லத்துக் கைக்குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். கதவோரமாகவே நின்றாள்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"தப்பு என் மேலதாம்மா. பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்கு வா. அங்க உங்கம்மா சாப்பிடாம கிடக்கா."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தத் தடவை எதுவரைக்கும்?" என்று கேட்டாள்.