தேய்த்து வைத்த சட்டை

"சார், நீங்கதான் சொல்லணும். நாளைக்குப் பலூனை விடவா, நிறுத்தவா?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள் சண்பகவல்லி. மேல்வானத்தை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கு அவள் தலைவியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலை நரைத்த அந்த அம்மாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

ஞானதிரவியம் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முன் தலைவராக இருந்தவர். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

பலூன் விடும் நாளில் பழைய தலைவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பது அங்கே வழக்கம். அதற்குத்தான் அந்த வெள்ளைச் சட்டை. ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான் என்று அவர் மனைவி போனில் சொல்லிச் சிரித்திருந்தார்.

"காத்து எப்படி?"

"மேலே போகப் போக முறுக்குது, சார். பலூன் கிழிஞ்சா, அடியில தொங்குற கருவி அத்தனையும் போச்சு. நம்ம பிள்ளைங்க வருஷக்கணக்கா உசிரைக் கொடுத்துச் செஞ்சது."

"உனக்கு என்ன தோணுது?"

"நிறுத்தணும்னுதான்."

"அதை அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா யாரு கேக்கறா?" என்றாள் அவள். "போன தடவை 'விடுங்க'ன்னு கத்தினேன். ஒருத்தனும் கயித்தை விடல. எல்லாரும் திரும்பி உங்க முகத்தைப் பார்த்தாங்க. நீங்க தலையாட்டின பிறகுதான் விட்டாங்க."

இஸ்திரிப் பெட்டி காலரில் அப்படியே நின்றது.

"சார், சட்டை கருகிடும்."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வேதாசலம் சாரை ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? நம்ம முதல் தலைவர். நான் சேர்ந்த புதுசுல, ஓய்வு பெற்ற பிறகும் லைப்ரரிக்கு வருவாரே."

"என் காலத்துல, பலூன் விடுற அன்னைக்கு அவர் வந்து பார்த்திருக்கியா?"

யோசித்தாள். முன்வரிசையில் அவர் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் கிடந்தது.

"இல்ல சார். சொல்லி வச்ச மாதிரி அன்னைக்குன்னு அவருக்குக் காய்ச்சல் வந்துடும். பாவம், பூஞ்சை உடம்புன்னு நாங்க பேசிக்குவோம்."

"பூஞ்சை உடம்பா? எண்பது வயசுலயும் ஆத்துல அக்கரைக்கு நீந்திப் போயிட்டுத் திரும்புவார்."

சண்பகவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஞானதிரவியம் சுவிட்சை அணைத்தார். சட்டையைப் பொறுமையாக மடித்தார். ஒருமுறை கையால் நீவிக்கொடுத்தார். பிறகு பீரோவைத் திறந்து, மற்ற துணிகளுக்கு அடியில் அதை வைத்து மூடினார்.

"வல்லி, காலையிலேருந்தே உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. காய்ச்சல் போல. நாளைக்கு என்னால வர முடியாதும்மா."

அவள் எழுந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா சார்," என்றாள். "கொதிக்குது."