யாசானின் கல்

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் கீழே இறங்கிக் கூரைகளின் மேல் படுத்துக்கிடக்கும் தாழைநாடு என்றொரு நாட்டை முகிலேந்தி என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்த நாட்டில் மதியச் சோறு உண்டதும் எல்லோருக்கும் கண் சொக்கிவிடும். ராஜா முதல் ராஜாவின் யானை வரை ஒருவர் பாக்கியில்லாமல் தூங்குவார்கள். சாயங்காலம் எழுந்து, கண்ட கனவை அவையில் சொல்லுவார்கள். பாதிச் சட்டங்கள் ராஜாவின் கனவில் பிறந்தவைதாம். ஒருமுறை கனவில் வாத்து ஒன்று அவரை வணங்கியதாம். அன்றிலிருந்து தெருவில் வாத்துக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஊரே தூங்கினால் கோட்டையை யார் காப்பது? அதற்காகவே வெளிதேசத்து ஆட்களைப் படையில் சேர்த்தார்கள். யாசான் அப்படி மணல் தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவன். மதியம் முழுக்கக் கோட்டைவாசலில் நின்று ஈட்டியின் அடிக்கட்டையால் கருங்கல்லில் தட்டிக்கொண்டே இருப்பான். டொக், டொக். காவல் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று அதற்கு அர்த்தம்.

பன்னிரண்டு வருஷம் இப்படி நின்றால், பெரிய ஏரிக்கரையில் தன் பெயர் வெட்டிய கல் ஒன்றை வைக்கலாம். கரையில் கல் உள்ளவன்தான் அந்த நாட்டுக் குடிமகன். உள்ளூர்ப் பிள்ளைக்குத் தொட்டிலிடும் நாளிலேயே கல் வைத்துவிடுவார்கள். கல் கிடைக்காத வெளிதேசத்தான் தவணை முடிந்ததும் கப்பலேற வேண்டியதுதான். அவன் பிள்ளைக்கும் கரையில் இடமில்லை.

யாசானுக்கு அன்றோடு பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அவன் மனைவி செங்கமலம் அந்த ஊர்ப் பெண், நிறைமாதக்காரி. காலையில் அவன் தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டு, "கல்லோட வா. இல்லேன்னா வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனால கல்லோடயே வந்துரு," என்றாள்.

அவையில் பூதலிங்கர் என்றொரு பிரபு. ராஜாவுக்கு இருபது வருஷமாகத் தாலாட்டு எழுதித் தருபவர் அவர். "யாசான் தட்டும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது," என்று ராஜா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிரபுவுக்கு வயிற்றெரிச்சல். இன்று யாசான் கல் கேட்டு அவையில் வந்து நின்றதும் அவர் எழுந்தார்.

"மகாராஜா, கல் வைக்கட்டும். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பு மட்டும் இங்கே இருந்தால் போதுமா? கனவு எந்த நாட்டில் நடக்கிறதோ அதுதானே ஒருவனின் நாடு? இவன் கனவில் என்ன வருகிறதென்று கேளுங்கள்," என்றார்.

கனவு என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா? ராஜா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

 யாசானுக்குப் பொய் சொல்ல வராது. அவன் கனவில் எப்போதும் மணல்தான். மணலின் நடுவே அவன் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள்.

அமைச்சர் விடங்கர் தொண்டையைச் செருமினார். "பிரபு சொல்வது சரி. இன்று மதியம் நம்மோடு இவனும் தூங்கட்டும், எழுந்து கனவைச் சொல்லட்டும். ஆனால் அதுவரை வாசலில் யார் நிற்பது? நாட்டுப்பற்றில் பிரபுவை மிஞ்ச ஆள் உண்டா?"

"நிற்கிறதும் தட்டுகிறதும் ஒரு வேலையா?" என்றார் பூதலிங்கர்.

"சாப்பிட்டுவிட்டே போங்கள். இன்று பலாப்பழப் பாயசம்," என்றார் அமைச்சர், ரொம்பக் கரிசனமாக.

அவைக்கூடத்தில் பாய் விரித்தார்கள். சாளரங்கள் வழியே மேகம் உள்ளே வந்து தூண்களுக்கிடையில் உலாவியது. யாசான் பட்டு மெத்தையில் படுத்தான். வெளியே டொக், டொக் என்று கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தனக்காக யாரோ விழித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. கண் செருகியது, தூரத்தில் மணல் தெரிந்தது.

அப்புறம் சத்தம் தேய்ந்தது. டொக் என்று ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை.

ராஜா தூக்கத்தில் புரண்டார். கூடம் முழுக்க முனகல் எழுந்தது. யாசான் வெறுங்காலோடு எழுந்து நடந்தான். கோட்டைக்கதவு ஆவென்று திறந்து கிடக்க, வாத்துக்கூட்டம் ஒன்று ராஜமரியாதையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பூதலிங்கர் மீசையில் பாயசத்தோடு சுவரில் சாய்ந்து உறங்கினார். யாசான் கல்லையும் நினைக்கவில்லை, கனவையும் நினைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஈட்டியை எடுத்தான். டொக், டொக். கூடம் மறுபடி அமைதியாயிற்று.

சாயங்காலம் ராஜா அவையோடு வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன கனவு கண்டாய், யாசான்?"

"முழுதாகத் தூங்கவில்லை, மகாராஜா. சத்தம் நின்றுபோயிற்று. வந்துவிட்டேன்."

பூதலிங்கர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா, இவன் கனவே காணவில்லை! நான் கண்டேன், மகாராஜா. நம் நாட்டைத்தான் கண்டேன். ஏரி, கோட்டை, எல்லாம் வந்தது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. யானைப்பாகன்கூடச் சிரித்தான்.

"சரி, தூங்கும்போது உன் கனவில் என்னதான் வரும்?" என்று ராஜா யாசானை விடவில்லை.

"மணல், மகாராஜா. என் அம்மா. மறைக்க மாட்டேன்."

 விடங்கர் மெல்லக் கேட்டார்: "நேற்றுத் தாங்கள் கனவில் எங்கே இருந்தீர்கள், மகாராஜா?"

"நிலாவில். முயல்களோடு."

"அப்படியானால் தங்களை நிலாவுக்கு அனுப்பிவிடலாமா? கனவு எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரட்டும். யாருக்காக ஒருவன் கண்விழித்து நிற்கிறானோ, அவர்கள் இருக்கும் இடம்தான் அவன் ஊர்."

 ராஜா கக்கத்தில் இடுக்கி வந்த தன் தலையணையையே எடுத்து அமைச்சர் கையில் கொடுத்தார். அந்த நாட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. யாசானின் கல்லைப் பூதலிங்கர் தலையில் சுமந்து ஏரிக்கரைக்கு வந்தார். கூடவே ஒரு மாதம் மதியக் காவல், பாயசம் கிடையாது.

யாசான் கல்லைக் கரையில் பதித்தான். செங்கமலம் பக்கத்தில் ஒரு சாண் இடத்தைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்தாள். "இது நம்ம பிள்ளைக்கு," என்றாள்.

மறுநாள் மதியம் நாட்டோடு சேர்ந்து யாசானும் தூங்கினான். வெளியே பூதலிங்கர் தட்டிக்கொண்டிருந்தார். கனவில் அதே மணல், அதே அடுப்பு. "இத்தனை வருஷமா எங்கேடா இருந்தே?" என்று அம்மா கேட்டாள். அவன் கைநீட்டிக் காட்டினான். மணலின் நடுவே கரை கட்டிய ஏரி ஒன்று இருந்தது. அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் பெயர் வெட்டிய கல்லைத் தேடிக் கரையோரமாக நடந்தாள்.