காற்றே இல்லாத பிரேக்

கொம்பூரணியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. யாராவது எடுத்துச் செலவழித்தால்தானே பஞ்சம் வரும்? அந்த ஊரில் பரமகுரு, சித்திரவேல், தவசிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய கார். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். வம்பே அதில்தான்.

கடைக்குட்டி தவசிமுத்துவுக்குக் காதோரம் நரைத்த பிறகுதான் பெண் அமைந்தது. பக்கத்து ஊர் அருணாசலத்தின் மகள் திலகவதி. பெண் பார்க்கப் போன அன்று கார் வாசலில் நிற்காமல் காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாட்டுத் தொட்டியில் முட்டித்தான் நின்றது. அருணாசலம் பஜ்ஜித் தட்டும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் விழுந்ததற்குச் சிரித்த ஒரே ஆள் திலகவதி. அந்தச் சிரிப்பில் தவசிமுத்து விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

அருணாசலம் கோபக்காரர். ஆனால் மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டதே, என்ன செய்வார்? ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வெள்ளிக்கிழமை நிச்சயம். இதே கார்லதான் வரணும். வந்து என் வாசல்ல நிக்கணும். நின்னா பொண்ணு. நிக்காட்டா அப்படியே போயிட்டே இருங்க."

தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக் லாரன்ஸோ கொழுந்தியாள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, பிரேக் ஆயில் கெட்டுப்போயிருக்கும், வீட்டிலேயே மாற்றிவிடலாம், நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கள் என்றார். நல்ல நேரம் பார்த்துப் பார்த்து, கடைசியில் வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான் அண்ணன் தம்பிகள் வேலையில் இறங்கினார்கள்.

பழைய ஆயிலை எடுத்தாயிற்று. சீல் உடைக்காத பாட்டிலில் உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று லாரன்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சித்திரவேல் சீலோடு பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு சொட்டு விழவில்லை. பரமகுரு மூத்தவர் இல்லையா, யோசித்தார். பாட்டிலின் அடியில் ஆணியை வைத்து ஓட்டை போட்டு, அந்தப் பக்கமாக ஊற்றினார். சீலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்தபடியாக, காற்று உள்ளே இருக்கவே கூடாது, துளி இருந்தாலும் பிரேக் பிடிக்காது என்று லாரன்ஸ் எச்சரித்தார். மூவரும் காரைச் சுற்றி வந்தார்கள். பரமகுரு ஒரு டயரைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு காத்தை உள்ளே அடைச்சு வச்சுக்கிட்டு பிரேக் எங்கேடா பிடிக்கும்?"

"அப்போ ஸ்டெப்னி?" என்றார் சித்திரவேல்.

"அது மட்டும் என்ன, வெளியிலயா இருக்கு?"

நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினார்கள், ஸ்டெப்னியிலும் பிடுங்கினார்கள். கார் தரையோடு தரையாக உட்கார்ந்தது. இத்தனை நாள் இந்தக் காற்றை வைத்துக்கொண்டா ஓட்டினோம் என்று சித்திரவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

காற்று போய்விட்டது என்று கேட்டதும், பிரேக் குழாய்க் காற்றை நினைத்திருந்த லாரன்ஸுக்கு ஒரே ஆச்சரியம். அதற்குள்ளேயா என்றார். சரி, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம், ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கட்டும், நான் சொல்கிற வரைக்கும் காலை எடுக்கவே கூடாது என்றார். கல்யாணம் ஆகப்போகிறவன்தானே மிதிக்க வேண்டும்? தவசிமுத்து ஏறி மிதித்தார். அந்த நேரம் பார்த்து லாரன்ஸ், "ஃபாதர் வந்துட்டார், பூசை ஆரம்பிக்கப்போகுது" என்று போனை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் போன் எழுந்திருக்கவில்லை. நிச்சயத்துக்கோ நேரமாகிறது. தவசிமுத்து காலை எடுப்பதாக இல்லை. அவருக்கு உட்கார்ந்தபடியே பட்டுச் சட்டையை மாட்டிவிட்டார்கள், வேட்டியை மடியில் விரித்துவிட்டார்கள். காரை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது என்று டிராக்டர்காரர் வழியெல்லாம் புலம்பினார். பிரேக் அப்படி என்றார் பரமகுரு, பெருமை தாங்காமல்.

அருணாசலத்தின் வாசலில் கயிற்றை அவிழ்த்தார்கள். கார் நின்றது. அருணாசலம் சும்மா நம்புகிற ஆளா? பங்காளிகளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார், தானும் தோள் கொடுத்தார். கார் அசையவில்லை. வேர்க்க விறுவிறுக்க நிமிர்ந்தவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தார்கள்.

"மாப்ளே, இறங்கி உள்ளே வாங்க."

மாப்பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். லாரன்ஸ் இன்னும் சொல்லவில்லையே. ஊரே காரைச் சுற்றிக் கூடிவிட்டது. ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திலகவதியே வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"நான் சொல்றேன், காலை எடுங்க."

தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ சொன்னா கேக்கணும்னு எனக்கும் ஆசைதான் திலகா. ஆனா இப்போ லாரன்ஸ் அண்ணாச்சி பேச்சுல்ல நடக்குது."

நியாயமான பேச்சு என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் பெண்டாட்டி பேச்சு எப்போதிலிருந்து செல்லும் என்று விவாதம் கிளம்பியது. பரமகுருதான் தீர்த்துவைத்தார்.

"தாலி ஏறிட்டா அப்புறம் வேற எவன் பேச்சும் எடுபடாது. இருபது வருசமா அனுபவிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நிச்சயத்துக்குச் சமைத்த சாப்பாடு தயாராக இருந்தது, முகூர்த்தமும் மிச்சமிருந்தது. மஞ்சள் கயிறு வந்தது. திலகவதி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், தவசிமுத்து மிதித்த கால் மிதித்தபடி தாலி கட்டினார். அவர்கள் அக்கினியைச் சுற்றி வர வழியில்லை. அதனால் ஐயர் அக்கினியைச் சட்டியில் ஏந்திக்கொண்டு காரை மூன்று தடவை சுற்றி வந்தார்.

"இப்போ எடுங்க" என்றாள் திலகவதி.

எடுத்தார். வாசலில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். கார் இம்மிகூட நகரவில்லை.

"காலை எடுத்த பிறகும் பிடிக்குதே சம்பந்தி" என்று அருணாசலம் பரமகுருவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது என்ன வித்தை?"

பரமகுரு அவர் காதில் சொன்னார். அருணாசலம் நேரே கொட்டகைக்குப் போய், போன மாதம் வாங்கிய தன் புதுக் காரின் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினார். பிறகு, இனி பயமில்லை, பொண்ணு மாப்பிள்ளையை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று எல்லோரையும் அதில் ஏறச் சொன்னார்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள்.