வெள்ளிங்கிரி அண்ணன் ரெட்டைக்கால் மாட்டின கதை

எலெக்‌ஷன் அறிவிச்சுட்டா, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கறவங்க எல்லாம் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுப் போடோணும். ஓட்டு எண்ணி, ஜெயிச்சவன் கழுத்து மாலை வாடினதுக்கப்புறம்தான் திருப்பிக் குடுப்பாங்க. அப்படி என்ற துப்பாக்கியை வாங்கப் போன அன்னைக்கு நடந்தது இது.

தோப்புல காட்டுப்பன்னி புகுந்து தென்னங்கன்னு பூராத்தையும் நோண்டிப் போட்டுட்டு இருந்துச்சு. அதனால காலைல வெள்ளெனவே போயிட்டேன். போனா, துப்பாக்கி ரூம் சாவி இன்ஸ்பெக்டர்கிட்ட, இன்ஸ்பெக்டர் மீட்டிங்ல. "வர்ற வரைக்கும் வேப்பமரத்தடி பெஞ்சுல உக்காருங்க"ன்னுட்டாங்க ஏட்டம்மா பழனாத்தா.

பெஞ்சுல ஏற்கெனவே மூணு பேர், எல்லாரும் துப்பாக்கி வாங்க வந்தவங்க. ஒண்ணு, கோழிப்பண்ணை நாச்சிமுத்து. யாரு என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேக்காம விடமாட்டான். இன்னொண்ணு, கவர்மெண்டு ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா இருக்கற தமயந்தி. அந்தப் புள்ள ரைபிள் கிளப்புல சுட்டு மெடல் எல்லாம் வாங்கியிருக்குது. மூணாவது, அரிசி ஆலைக்குக் காவல் இருக்கற வெள்ளிங்கிரி அண்ணன். மிலிட்டரியில இருந்து ரிட்டையர் ஆனவரு. மீசை ரெண்டும் காதைத் தொடறதுக்கு ஒரு விரக்கடைதான் பாக்கி.

தமயந்தி மடியில ஒரு அட்டைப்பொட்டி. நாச்சிமுத்துதான் கேட்டான்.

"என்ன அம்மிணி அது?"

"பைபாடுங்கண்ணா. துப்பாக்கிக்கு முன்னால முட்டுக் குடுக்கற ரெட்டைக்கால். ஞாயித்துக்கிழமை போட்டி. முதல் தடவை இதை வச்சுச் சுடப் போறேன். ஆனா எப்படி மாட்டறதுன்னுதான் ஒரே குழப்பம்."

பொட்டியைத் திறந்து காட்டுச்சு. கறுப்பா ரெண்டு கால், மேல ஒரு கவ்வி. இந்தக் கவ்வி பல்லுப் பல்லா இருக்கற இரும்புப் பட்டையைத்தான் கவ்வுமாம். அந்தப் பட்டைக்கு ரெயில்னு பேரு. அந்தப் புள்ள துப்பாக்கிக்கு அடியில ரெயில் கிடையாது, தோள்வார் மாட்டற ஒரு குமிழ்தான் இருக்குது. அந்தக் குமிழுக்கு ஒரு அடாப்டர் வாங்கி மாட்டலாம். இல்லாட்டித் துப்பாக்கியோட மரக்கட்டையில ஓட்டை போட்டு ரெயிலைத் திருகி வைக்கலாம்.

"ஓட்டை போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எங்கப்பா கடைசியா வாங்கிக் குடுத்த துப்பாக்கி அது. அதான் கை வரமாட்டேங்குது" அப்படின்னுச்சு.

வெள்ளிங்கிரி அண்ணன் அதுவரைக்கும் கண்ணை மூடிட்டு இருந்தவரு, மெதுவாத் தொறந்தாரு.

"யாருகிட்ட கேக்கோணுமோ அவனைப் பக்கத்துல வச்சுட்டு, நீ எதுக்கு கண்ணு குழம்பற?"

நாச்சிமுத்து என்னைப் பாத்தான். நான் வேப்பமரத்தைப் பாத்தேன்.

"ராஜஸ்தான்ல பாலைவனம்" அப்படின்னு ஆரம்பிச்சாரு அண்ணன். "எங்க பட்டாளத்துக்கும் பக்கத்துப் பட்டாளத்துக்கும் சுடற போட்டி. ஜெயிச்சவங்களுக்குப் பொங்கலுக்கு லீவு. தோத்தவங்க அங்கயே மணலை மோந்துட்டு காவல் நிக்கோணும். எனக்கோ தை மாசம் கல்யாணம் நிச்சயம் பண்ணியாச்சு. பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளை வரலைன்னா வேற எடம் பாத்துக்கறோம்னு தந்தியே குடுத்துட்டாங்க. எங்க கேப்டன் ஒரு பஞ்சாபி. பனைமரம் மாதிரி ஆளு. 'வெள்ளிங்கிரி, உன்னை நம்பித்தான் இருக்கோம்'னு என்ற கையில ரைபிளையும் ரெட்டைக்காலையும் குடுத்தாரு. எங்க மாட்டோணும்னு அவருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?" நாச்சிமுத்து.

"தெரிஞ்சா நேரா மாட்டிருக்க மாட்டனா? முதல்ல குழல் நுனியில மாட்டுனேன். அம்மிணி, நல்லாக் கேட்டுக்க. நுனியில மட்டும் மாட்டவே கூடாது. பாரம் எல்லாம் முன்னால போயிரும். அந்தக் காலு ரெண்டும் மணல்ல பட்டதும், துப்பாக்கிக்குத் தனக்குக் காலு இருக்குதுன்னு புரிஞ்சு போச்சு."

"புரிஞ்சு?"

"நடக்க ஆரம்பிச்சுருச்சு. முதல்ல தத்தித் தத்தி. அப்புறம் ஓட்டம். நான் ஜீப்பை எடுத்துட்டுத் தொரத்தறேன், சிக்க மாட்டேங்குது. பொழுது சாயறப்ப ஒரு குட்டையோரம் பாத்தா, கொக்குக் கூட்டத்துல நடுவுல நிக்குது. அதுங்களுக்கும் ரெட்டைக்கால், இதுக்கும் ரெட்டைக்கால். நீண்ட மூக்கு வேற. ஒறம்பரை, சொந்தக்காரன்னு நினைச்சுப் போட்டுதுங்க. ஒரு தாய்க்கொக்கு மீனைப் பிடிச்சுப் பிடிச்சு குழலுக்குள்ள ஊட்டிட்டு இருக்குது."

தமயந்தி கையால வாயை மூடிக்கிச்சு.

"சிரிக்காத கண்ணு. மறுநாள் பயிற்சியில நான் விசையை அமுத்தறேன், குண்டு வரலை. அயிரை மீன் வருது. டார்கெட்டுப் பூராம் மீன். மெஸ்ல அன்னைக்குக் குழம்பு வச்சாங்க. வெடிமருந்து வாசம் கொஞ்சம் அடிச்சுது, மத்தபடி ருசிதான்."

"அண்ணா, பாலைவனத்துல அயிரை மீனா?" நாச்சிமுத்து.

"கொக்குகிட்ட போய்க் கேளு. நானா பிடிச்சேன்?"

அண்ணன் மீசையைத் தடவிட்டுத் தொடர்ந்தாரு.

"சரி, நடு மத்தியில மாட்டிப் பாக்கலாம்னு மாட்டுனேன். அதுவும் தப்பு. முன்னாலயும் பாரமில்லை, பின்னாலயும் பாரமில்லை. தராசு முள்ளு மாதிரி நிக்குது. ஒரு ஈ வந்து குழல் நுனியில உக்காந்துச்சு பாரு, துப்பாக்கி சுத்த ஆரம்பிச்சுது. நிறுத்தவே முடியலை. பட்டாளமே குப்புறப் படுத்துட்டோம். சுத்தற வேகத்துல ஜில்லுன்னு ஒரு காத்து. பாலைவனத்து வெயில்ல அந்தக் காத்து எப்படி இருந்திருக்கும்! கேப்டன் சொன்னாரு, 'இதை யாரும் நிறுத்த வேண்டாம்'னு. அப்படியே தூக்கி மெஸ் கூரையில கட்டித் தொங்கவிட்டோம். அடுத்து வந்த கோடை முழுக்க எங்களுக்கு அதுதான் ஃபேன்."

"கரண்டு?" அப்படின்னேன் நான். எனக்கே வாய் சும்மா இருக்கலை.

"எதுக்குங் கரண்டு? அந்த ஈ தான் கடைசி வரைக்கும் எறங்கவே இல்லையே."

உள்ள ஜன்னலோரம் எழுதிட்டு இருந்த ஏட்டம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. காது இந்தப் பக்கம் திரும்பியாச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"மூணாவது, வேற துப்பாக்கி வாங்கி, கட்டையோட பின்னால, தோள்பட்டைகிட்ட மாட்டுனேன். பின்னால தூக்கிக்கிச்சா, மூக்கு நேரா மண்ணைப் பாக்குது. பரவால்லைன்னு ஒண்ணு சுட்டேன். குண்டு உள்ள போச்சு. சத்தம் போயிட்டே இருக்குது... போயிட்டே இருக்குது... அப்புறம் நின்னு போச்சு. நின்னதும் அந்த ஓட்டையில இருந்து தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு பாரு, பனைமர உசரத்துக்கு! அந்த ஊர்க்காரங்க சட்டுனு பாத்தி கட்டி வாழை வச்சுட்டாங்க."

"பாலைவனத்துல வாழை!"

"செவ்வாழை. நம்ம பக்கத்துல அந்தத் தரத்துக்கு வராது."

"அந்தக் குண்டு என்னங்கண்ணா ஆச்சு?" தமயந்தி கேட்டுச்சு. டீச்சர் புள்ள, கணக்கு விட்டுப் போகக் கூடாதுல்ல.

"பூமிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மாடு மேச்சுட்டு இருந்திருக்கான். அவன் காலுக்கு நடுவுல கிளம்பி, அவன் தொப்பியைத் தூக்கிட்டு மேல போயிருக்குது. அந்த நாட்டுல இருந்து நம்ம கவர்மெண்டுக்குக் கேட்டாங்க, 'எங்க ஊரு ஆளோட தொப்பி எங்கே'ன்னு. வானத்துல தேடிக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

நாச்சிமுத்து எந்திரிச்சுப் போய் பானைத் தண்ணியை ஒரு சொம்பு குடிச்சுட்டு வந்து மறுபடியும் உக்காந்தான். விட்டுட்டுப் போகவும் மனசு வரலை அவனுக்கு.

"போட்டி நாள் வந்துருச்சு" அப்படின்னாரு அண்ணன். குரல் இறங்கிப் போச்சு. "மூணு மாதிரி மாட்டிப் பாத்ததும் வீணாப் போச்சு. கண்ணுக்கு முன்னால என்ற கல்யாணமும் போகுது. எதிர்ப் பட்டாளத்துக்காரன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய் எங்கயோ வச்சுட்டான். எவ்வளவு தூரம்னு கேக்கறீங்களா? நாங்க நின்ன எடத்துல பொழுது விடிஞ்சு பல்லு வெளக்கி டீ குடிச்சதுக்கப்புறம்தான் அந்தப் பழம் இருக்கற எடத்துல கோழி கூவும். அவ்வளவு தூரம். நான் கேப்டனைப் பாத்தேன். கேப்டன் என்னைப் பாத்தாரு. நான் அவரு காலைப் பாத்தேன்."

"ஐயையோ" அப்படின்னுச்சு தமயந்தி.

"அந்தக் காலைப் பாத்ததும்தான் கண்ணு, எனக்கு விஷயமே வெளங்குச்சு. ரெட்டைக்காலைத் துப்பாக்கியில மாட்டறதே தப்பு. துப்பாக்கியைத்தான் ரெட்டைக்கால்ல மாட்டோணும். 'சார், மல்லாக்கப் படுங்க'ன்னேன். பட்டாளத்து மானமாச்சே, படுத்துட்டாரு. காலு ரெண்டையும் மேல தூக்கச் சொல்லி, ரெண்டு கட்டை விரலுக்கும் நடுவுல ரைபிளை வச்சேன். ஏணி மேல ஏறி நின்னு குறி பாத்தேன். எதிராளிக எல்லாம் உருண்டு உருண்டு சிரிக்கறாங்க. மூச்சை அடக்கி அமுத்தப் போற நேரம், கேப்டனோட உள்ளங்கால்ல ஒரு எறும்பு."

"கடிச்சுப் போட்டுதா?"

"கடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பாரு. நடந்துச்சு. கூச்சம். காலு ஆடிப் போச்சு, துப்பாக்கி வெடிச்சுப் போச்சு. குண்டு எங்கயோ மேல போயிருச்சு. ஆனா பின்னால உதைச்சுது பாருங்க ஒரு உதை! தோள்ல உதைச்ச உதையில நானும் கேப்டனும் அப்படியே பின்னால கிளம்பினோம். ராஜஸ்தான் தாண்டி, குஜராத் தாண்டி, கீழ எல்லாம் பருத்திக் காடு, கரும்புக் காடு, ஆறு ஆறாப் போகுது. பாலக்காட்டுக் கணவாய்ல காத்து கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளிவிட்டுச்சு. கண்ணைத் தொறந்தா, பொள்ளாச்சி. என்ற கல்யாணப் பந்தல். மணவறையில சம்மணம் போட்டபடி உக்காந்திருக்கேன். பொண்ணு வந்து பக்கத்துல உக்காருது."

"கேப்டன்?"

"பக்கத்துலயே மல்லாக்கப் படுத்திருக்காரு. காலை இன்னும் இறக்கலை. நான் உத்தரவு குடுக்காம இறக்க மாட்டாரு. அந்தக் கால்லயே தோரணம் கட்டிட்டாங்க எங்க மாமன்காரங்க. லீவும் வேண்டியதில்லை, ரெயிலும் வேண்டியதில்லை. அங்க ராஜஸ்தான்ல பாத்தா, மேல போன குண்டு சாயந்திரமா களைச்சுப் போய் இறங்கி வந்திருக்குது. எதிர்ப் பட்டாளத்து ஹவில்தார் தொப்பியால சூ சூன்னு விரட்டியிருக்கான். அவனைச் சுத்திக்கிட்டு வந்து, எலுமிச்சம்பழத்துல நுழைஞ்சு படுத்துருச்சு. நாங்கதான் ஜெயிச்சோம்."

நாச்சிமுத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை நேரம் காத்திருந்தது இதுக்குத்தான்.

"அண்ணா, நீங்கதான் பொள்ளாச்சியில மணவறையில உக்காந்திருக்கீங்களே. குண்டு பழத்துல பட்டதை யாரு பாத்தா?"

"கேப்டன் சொன்னாரு."

"அவரும் காலைத் தூக்கிட்டு உங்க பக்கத்துலதானே படுத்திருக்காரு!"

மீசையைத் தடவிட்டு இருந்த வெள்ளிங்கிரி அண்ணன் கை நின்னு போச்சு. ஏட்டம்மா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு எட்டிப் பாத்தாங்க.

"பறந்து வர்றப்ப எவ்வளவு உசரத்துல வந்தோம்?" அப்படின்னாரு நிதானமா. "அந்த உசரத்துல இருந்து பாத்தா முன்னால நடக்கறது, பின்னால நடக்கப் போறது எல்லாம் தெரியும். நீ என்னைக்காவது போயிருக்கறியா?"

நாச்சிமுத்து போனதில்லைன்னு ஒத்துக்கிட்டான்.

அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து, சாவியும் வந்துருச்சு. ஏட்டம்மா முதல்ல தமயந்தியைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் குடுத்தாங்க. அந்தப் புள்ள குண்டு இல்லைங்கறதைத் தொறந்து பாத்துட்டு, துப்பாக்கியைப் பெஞ்சுல படுக்க வச்சு, ரெட்டைக்காலை எடுத்து நீட்டுச்சு. கிண்டலாவும் தெரியலை, மரியாதையாத்தான் சொல்லுச்சு.

"அண்ணா, எனக்குப் படுத்துக்கற கேப்டன் யாருமில்லை. நீங்களே இதை மாட்டிக் குடுங்க."

அண்ணன் வாங்கினாரு. அடியில வச்சாரு. குமிழ்தான் இருக்குது, கவ்விக்குப் பிடி இல்லை, நழுவுது. முன்னால தள்ளுனாரு, நழுவுது. பின்னால இழுத்தாரு, தொப்புனு கீழ விழுந்துச்சு. நெத்தியில வேர்வை. எனக்கே பாவமாப் போச்சு. இத்தனை நேரம் ராஜஸ்தானையே ஆட்டி வச்ச மனுசன், ஒரு குமிழ்கிட்ட மாட்டிக்கிட்டாரே!

சட்டுனு துப்பாக்கியைத் திருப்பிப் பாத்தாரு. மேல, தொலைநோக்கி மாட்டற எடத்துல, பல்லுப் பல்லா ரெயில் இருக்குது. தொலைநோக்கியை அந்தப் புள்ள கழட்டி வீட்டுல வச்சிருந்துச்சு. அண்ணன் கவ்வியை அதுல வச்சு அமுக்குனாரு. டக்குனு பிடிச்சுக்கிச்சு. ஆட்டிப் பாத்தாரு, அசையலை. பெஞ்சுல வச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னாரு. செத்துப் போன கரப்பான்பூச்சி மாதிரி துப்பாக்கி காலு ரெண்டையும் வானத்தைப் பாத்துத் தூக்கிட்டு இருக்குது.

நாச்சிமுத்து சிரிச்ச சிரிப்புல பெஞ்சே ஆடுச்சு. நானும் அடக்கிப் பாத்தேன், முடியலை.

"சிரிங்க, சிரிங்க" அப்படின்னாரு அண்ணன். "இதெல்லாம் மலை உச்சியில சண்டை போட்டவனுக்குத்தான் தெரியும். அங்க எல்லாம் இப்படித்தான் மாட்டறது."

"இப்படி மாட்டுனா காலை எதுலங்கண்ணா ஊன்றது?" தமயந்தி கேட்டுச்சு.

அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கலை.

"மேகத்துல."

தமயந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அப்ப நான் அடாப்டரே வாங்கிக்கறேங்க. ஓட்டையெல்லாம் போடலை"ன்னு மெதுவாச் சொல்லுச்சு.

ஏட்டம்மா படியிறங்கி வந்து, கையை நெத்தியில வச்சு வானத்தை அண்ணாந்து பாத்தாங்க. சித்திரை வெயில். கழுவி விட்ட மாதிரி இருக்குது வானம், ஒரு பஞ்சுத் துணுக்குக் கூட இல்லை.

"பருவமழை புடிச்சதும் வந்து சுட்டுக் காட்டுங்கண்ணா" அப்படின்னாங்க. "இப்ப அந்தப் புள்ள துப்பாக்கியை அந்தப் புள்ளகிட்டக் குடுங்க."