மைக்செட் கொம்பையாவின் ஒரே கேள்வி

கோவில்பட்டி கல்யாண மண்டபத்தில், ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களுக்கு ஒரு முதலீட்டுக் கூட்டம். பேச வந்த ஆலோசகர் சந்திரமௌலி, மைக்செட் போடும் கொம்பையாவைக் கூப்பிட்டு விரலை ஆட்டினார்.

"ரெண்டு மைக் வேணும். கரண்ட் போனா ஜெனரேட்டர், அதுவும் மக்கர் பண்ணா பேட்டரி. என் குரல் ஒரு நொடி நின்னாலும் வாடகை கிடையாது."

"சரிங்க சார்."

மேடை ஏறியதும் சந்திரமௌலி முழங்கினார். "மார்க்கெட் ஆட்டம் காணுது. இந்த நேரத்துல பணத்தை நாலா பிரிச்சுப் போடுறவன் கோழை. உங்க பி.எஃப். பணம் மொத்தத்தையும் நான் சொல்ற ஒரே ஷேர்ல போடுங்க."

எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்கள்.

"சந்தேகம் இருந்தா மைக்செட்காரர்கூடக் கேட்கலாம்" என்று சிரித்தார் அவர்.

கொம்பையா இரண்டாவது மைக்கை எடுத்தார். "ஒரு மணி நேரப் பேச்சுக்கு ரெண்டு மைக், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் கேட்டீங்க. இவங்க ஆயுசுக்கும் ஒரே ஷேர் போதுமா சார்?"

பேனாக்கள் மூடிக்கொண்டன. சந்திரமௌலி பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. கொம்பையாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"பேட்டரி ஓடுது சார். நீங்க சொன்ன ஏற்பாடுதான்."