வகுப்பறை இல்லாத துறை

அந்தப் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறைக்குத் தனி அறை கிடையாது. திங்கட்கிழமை விலங்கியல் ஆய்வகத்தில், பாட்டிலில் ஊறும் பாம்புகளுக்கு நடுவே வகுப்பு. செவ்வாய்க்கிழமை சட்டத்துறை. மற்ற நாட்களில் வரலாற்றுத் துறை மனசு வைத்தால் உண்டு.

வெள்ளத்தாய்க்கு நாற்பத்து மூன்று வயது. ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருஷம் சேலை விரித்துக் காட்டியவள். தபாலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு முதுகலை படிக்க வந்திருந்தாள். தெருவில் சும்மா விடுவார்களா? "பொம்பளையப் பத்தி பொம்பளைக்கு என்னத்துக்குப் படிப்பு?" என்று சிரித்தார்கள். அறை அறையாக அலைந்ததில் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

வரலாற்றுத் துறைக்கு மாற விண்ணப்பம் எழுதினாள். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்கு மகளிரியல் பேராசிரியை எஸ்தரின் கையெழுத்து வேண்டும். எஸ்தர் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"நம்ம பாடம் எந்தத் துறைக்குச் சொந்தம் மேடம்? இருக்கிற இடம் எல்லாம் இரவல். கடையிலதான் நின்னேன், இங்கயும் நிக்கணுமா?"

எஸ்தர் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"கடையில நிக்கும்போது மனசுல ஏதாவது கேள்வி இருந்துச்சாக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான். எங்களுக்கு ஏன் நாற்காலி இல்லைன்னு."

"அதை விலங்கியல், வரலாறு, சட்டம், மூணு இடத்துலயும் கேட்டுட்டு வாங்க. வந்ததும் கையெழுத்துப் போடுறேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் போனாள்.

விலங்கியல் அம்மா, நின்றுகொண்டே இருந்தால் காலில் ரத்தம் எப்படித் தேங்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பிறகு, "வலி முதல்ல எங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"குதிகால்லங்க. மத்தியானம் மூணு மணிக்கு."

வரலாற்று ஐயா, "அந்தக் காலத்துக் கடையில விக்கிறவரும் மெத்தையிலதான் உக்காந்திருப்பார். உங்க கடையில பெண்கள் எப்போ வந்தாங்க?" என்றார்.

"தீபாவளிக் கூட்டத்துக்கு ஒரு மாசம்னு கூப்பிட்டாங்க. அப்படியே வருஷக்கணக்கா நிக்க வச்சுட்டாங்க சார்."

சட்டத்துறை ஐயா சிரித்தார். "நாற்காலி போடணும்னு சட்டமே வந்தாச்சேம்மா!"

"சட்டம் வந்தப்புறம் நாற்காலியும் வந்துச்சு சார். உக்காந்தா சூப்பர்வைசர் பார்ப்பார். அவர் பார்த்ததும் எந்திரிச்சிருவோம்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் பார்வையைச் சட்டத்துல எப்படி எழுதுறது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெள்ளத்தாய் திரும்பி வரும்போது மணி நாலே முக்கால். நோட்டைப் பிரித்து, மூன்று பேர் சொன்னதையும் மூச்சு விடாமல் வாசித்தாள்.

"சரிக்கா. நீங்க சொன்னதை அவங்க என்ன செஞ்சாங்க?"

வெள்ளத்தாய் யோசித்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"எழுதிக்கிட்டாங்க மேடம். மூணு பேருமே. விலங்கியல் அம்மா 'மூணு மணி'ங்கிறதை ரெண்டு தடவை கேட்டு எழுதினாங்க."

அவள் நோட்டை மூடினாள்.

"பத்தொன்பது வருஷத்துல என் காலு வலியை ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க அனுப்பலைன்னா இன்னிக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும் மேடம்."

"அதெல்லாம் எதுக்குக்கா?" எஸ்தர் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எந்தத் துறைக்கு மாறணும்னு எழுதியிருக்கீங்க?"

"வரலாறு."

"அந்த சார் இன்னிக்கு நீங்க சொன்னதை எழுதிக்கிட்டு உங்க கிளாஸ்லதானேக்கா உக்காந்திருந்தார்?"